பேரிமரத்துக் கல்

அன்றைக்குக் காற்று நேர் வடக்கா, வடகிழக்கா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கப்பலில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தேனீப் பெட்டிகள் நாற்பத்திரண்டு என்பதில் சந்தேகமில்லை. ஸம்பேத்தா அந்தக் கணக்கை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஆனால் அவள் புருஷன் அர்கீரிஸ் இரும்புத் தரையில் கிடந்தபோது சொன்ன வார்த்தைகள் இவைதானா என்று கேட்டால், அவளே "அப்படித்தான்னு நெனக்கிறேன்" என்பாள். நான் மேல்தளத்தில் இருந்தவன். பாதி பார்த்தது, பாதி அவள் சொல்லிக் கேட்டது. நடுவில் விழுந்த ஓட்டைகளை நானாக அடைத்திருக்கலாம்.

ஜூன் மாதக் கடைசி. மவ்ரோலித் தீவில் தேனீக்குப் பிடித்த தைம் என்ற மணச்செடி பூத்து, காய்ந்து, சரிவெல்லாம் துரு நிறமாகிவிட்டது. எதிரே இரண்டு மணி நேரக் கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிஸ்தாவில் அது அப்போதுதான் ஊதாவாகத் திரும்பும். மூன்று வாரம் பூ நிற்கும். அந்த மூன்று வாரத்துக்காகத்தான் வருஷா வருஷம் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக் கப்பலேற்றுவார்கள். முதல்நாள் பொழுது சாயும்போது பெட்டி வாசல்களைக் கம்பிவலை வைத்து அடைத்தாக வேண்டும். வெக்கைக்குக் கொத்துக்கொத்தாக வெளியில் தொங்கும் ஈக்களில் கொஞ்சம் எப்படியும் உள்ளே போகாது. பெட்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டே அவையும் கடல் தாண்டும்.

அந்த வருஷம் அடைத்தது ஸம்பேத்தா. அர்கீரிஸ் முப்பது தப்படிக்கு அப்பால், அத்தி மரத்தடியில் நின்று, "அந்தா, மூணாவது வரிசையில வலை தூக்கிருக்கு", "மெதுவா, மெதுவா, அதுக்கு என்ன கல்யாண அவசரமா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்கு முந்தைய செப்டம்பரில் தேன் எடுக்கும்போது அவன் கழுத்தில் ஒரே ஒரு ஈ கொட்டியது. முப்பது வருஷமாகக் கொட்டு வாங்கிய உடம்பு. அன்றைக்கு என்னவோ உதடு வீங்கி, முகம் நீலமாகி, பெட்டிகளுக்கு நடுவில் குப்புற விழுந்துவிட்டான். தீவு மருத்துவமனையில் ஒரு வருஷப் பணிக்கு வந்திருந்த இளம் டாக்டரம்மா ஊசி போட்டுப் பிழைக்கவைத்தாள். பேனா மாதிரி ஒரு ஊசியை ஸம்பேத்தாவின் கையில் கொடுத்து, "தொடையில குத்தி, பத்து எண்ணுற வரைக்கும் எடுக்காதீங்க. இனி இவரு பெட்டிப் பக்கமே போகக்கூடாது. அடுத்த கொட்டுக்கு நான் பக்கத்துல இருப்பேன்னு என்ன நிச்சயம்?" என்றாள். அந்த டாக்டரம்மா பணிக்காலம் முடிந்து போய்விட்டாள். ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் அதை வெயில் மயக்கம் என்று சொல்லிவைத்தார்கள்.

ஏன் மறைத்தார்கள் என்றால், மவ்ரோலிக்காரர்களுக்கும் பெரிஸ்தாக்காரர்களுக்கும் ஒரு எண்ணம் உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவனைத் தேனீ பொறுக்காது. அவன் கை வாசனையே அதற்குப் பிடிக்காமல் போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன் அர்கீரிஸ் கோர்ட்டில் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். பெரிஸ்தாவில் அவன் தாத்தா விட்டுப்போன தைம் சரிவில் எல்லைக்கல் வறண்ட கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்றான். இல்லை, காட்டுப் பேரிமரத்தடியில் இருந்தது என்றான் அவன் பெரியப்பா மகன் நிகீதாஸ். இரண்டுக்கும் நடுவே நூற்றிருபது தப்படி. சரிவில் நல்ல பூ முழுக்க அந்த நூற்றிருபது தப்படியில்தான் இருக்கிறது. கோர்ட் அர்கீரிஸை நம்பியது. ஒன்றாக மீன் பிடித்து, ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போன இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள்.

ஸம்பேத்தா அந்தச் சத்தியத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. செப்டம்பருக்கு முன்னால் கேட்கத் தோன்றவில்லை. பின்னால் கேட்கப் பயமாக இருந்தது. "பெட்டிகளை வித்துரலாம்" என்று மட்டும் குளிர்காலத்தில் ஒருநாள் சொன்னாள்.

"வித்தா ஏன் வித்தான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். உசுரோட இருந்து பதில் சொல்லு."

அவன் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வசந்தத்தில் அவளே முகவலை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறக்கக் கற்றாள். அர்கீரிஸ் சோம்பேறியாகிவிட்டான், பெண்டாட்டியை வேலை வாங்குகிறான் என்று ஊர் பேசியது. அது அவனுக்குத் தாங்கக்கூடிய பேச்சாக இருந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் பத்துவரை கிளம்பவில்லை. காற்றின் வேகம் ஏழாம் அளவு என்று துறைமுகத்தில் தடை போட்டிருந்தார்கள். படகுத்துறையில் நிழல் கிடையாது. அடைத்த பெட்டிக்குள் ஈ சும்மா இருக்காது. சூடு ஏற ஏற இறக்கையடித்து விசிறும், விசிற விசிற இன்னும் சூடேறும், கடைசியில் மெழுகே இளகி எல்லாம் ஒன்றாகத் தேனில் மூழ்கிப்போகும். ஸம்பேத்தா குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஈரச் சாக்கைப் பெட்டிகள் மேல் விரித்தாள். காய்ந்தது. மறுபடி நனைத்தாள். காதைப் பெட்டியில் வைத்தால் உலையில் சோறு கொதிப்பதுபோல் சத்தம்.

அர்கீரிஸ் துறையின் மறுகோடியில் ஜெபமணியை விரலில் சுழற்றிக்கொண்டு நடந்தான். போனான், வந்தான். கப்பல் மேஸ்திரி ஸ்த்ராத்திஸ் சங்கிலியில் உட்கார்ந்து வறட்டு ரொட்டியும் தக்காளியும் தின்றுகொண்டிருந்தான்.

"ஏ அர்கீரி, அங்க என்ன தரைய அளக்குற? பொம்பள வாளி தூக்குறா, நீ மணி உருட்டுற."

"அவளுக்குப் பழகட்டும்னுதான்."

"பழகிட்டா அடுத்து உன்ன எதுக்கு வச்சிருக்கப் போறா?"

துறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஸம்பேத்தாவும் சிரித்துவைத்தாள். அப்போதுதான் நீல நிறப் பழைய வண்டியொன்று வந்து அவள் வண்டிக்குப் பின்னால் நின்றது. பின்தட்டில் கொம்பு முறுக்கிய பெரிய கிடா, கயிற்றில் கட்டியது. அதன் நாற்றம் காற்றுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஓட்டிவந்தவன் நிகீதாஸ். தன் ஆடுகளுக்காக மவ்ரோலியில் கிடா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான்.

"மதினி, சௌக்கியமா?" என்றான். அவளோடு மட்டும் பேச்சு உண்டு.

"இருக்கேன் நிகீதா. உன் மாப்பிள்ளைய அங்கிட்டு நகத்தேன். இந்த வாடைக்கே ஈயெல்லாம் வெறிபிடிச்சிரும்."

"பின்னால நாலு வண்டி நிக்குது, எங்க நகத்த? அவன் குளிக்கிற சாதி இல்ல மதினி. மணமே அதுலதான் இருக்குன்னு நெனப்பு அவனுக்கு." பெட்டிகளைப் பார்த்தான். ஈரச் சாக்கைப் பார்த்தான். தூரத்தில் நடப்பவனையும் ஒருதரம் பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் குழாய்க்குப் போனான்.

தடை நீங்கி, பத்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. திறந்த வண்டித்தளம், சின்னக் கப்பல். வண்டிகளைக் கீழே விட்டுவிட்டு எல்லோரும் மேலே அறைக்கு ஏறியாக வேண்டும், அது விதி. படியேறும்போது ஸம்பேத்தா கேட்டாள்:

"ஊசி எங்க?"

"வண்டியில. டப்பாக்குள்ள."

"சட்டப் பையில வையின்னேன்."

"எல்லாரும் பாக்கவா? எவனாவது என்னடா அதும்பான்."

திரும்பி எடுக்கப் போனவளை ஸ்த்ராத்திஸ் கையை விரித்துத் தடுத்தான். படிக்குக் குறுக்கே சங்கிலி போட்டாயிற்று.

மேலே அறையில் முப்பது பேர் இருந்திருப்போம். கப்பல் தலையை நட்டுக்கொண்டு போனது. ஒவ்வொரு அலைக்கும் கண்ணாடியில் உப்புத் தண்ணீர் அறைந்தது. எவ்தோக்கியா என்ற துணிக்கடைக்காரி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எல்லாப் புனிதர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அர்கீரிஸ் உட்கார்வான், எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பான். அங்கிருந்து வண்டித்தளம் தெரியும். சாக்கு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"கயிறு தளர்ந்திருக்கு," என்றான்.

"உக்காரு."

"இடது மூலையில தளர்ந்திருக்குடி. நீ இழுத்துக் கட்டல."

"கட்டுனேன். உக்காரு அர்கீரி."

நிகீதாஸ் எதிர் மூலையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தான்.

நண்பகலில் பெரிஸ்தா துறை வந்தது. கப்பல் பின்பக்கமாகத் திரும்பி, பின்கதவை இறக்கி, கயிறு வீசியது. கரையில் ஆள் பிடித்துக் கட்டினான். கதவு கல்லில் பட்டது, எழும்பியது, மறுபடி இடித்தது. ஒரு பெரிய அலை உள்ளே புகுந்து கப்பலைத் தூக்கி ஒரு சாய்ப்பு சாய்த்ததில் கயிறு துப்பாக்கி வெடித்ததுபோல் அறுந்தது. கேப்டன் இயந்திரத்தை முறுக்கி வெளியே இழுத்துவிட்டார். கரை விலகிப் போனது. இறங்க மூட்டையோடு நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

கீழே ஏதோ உடைந்த சத்தம். பிறகு கிடாவின் அலறல். மனிதக் குரல் மாதிரி இருந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது: "தேனீக்காரர் உடனே வண்டித்தளத்துக்கு வரவும். தேனீக்காரர்."

அறை முழுக்க அர்கீரிஸைப் பார்த்தது.

அவன் எழுந்தான். ஸம்பேத்தா அவனுக்கு முன்னால் எழுந்து, இரண்டு கையாலும் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். இருக்கைப் பையிலிருந்த வாந்திப் பையை உருவி அவன் கையில் திணித்தாள்.

"இவருக்கு அலை ஒத்துக்கல," என்று உரக்கச் சொன்னாள். "குடலே வெளிய வர்ற மாதிரி இருக்காரு. நான் போறேன்."

எவ்தோக்கியா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"கடல்ல பொறந்தவனுக்கா? ஏ அர்கீரி, இந்தாப்பா, பழத்த நீ வச்சுக்க. எனக்கு உன்னப் பாத்ததும் தெளிஞ்சிருச்சு."

அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பில் நானும் சேர்ந்திருந்தேன். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அர்கீரிஸின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கையில் அந்தக் காகிதப் பை. தாழ்வாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "இதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்" என்றான்.

"அதெல்லாம் வீட்டுல வச்சுக்கலாம்," என்றுவிட்டு அவள் படியிறங்கினாள்.

கீழே இடது மூலையில் இரண்டு பெட்டிகள் சரிந்து, ஒன்று தரையில் விழுந்து பிளந்திருந்தது. தேன் இரும்பில் வழிந்து உப்புத் தண்ணீரோடு கலந்தது. காற்றில் ஈக்கள் நிலையில்லாமல் சுழன்றன. பாதியைக் கடல் கொண்டுபோனது, மீதி நிழல் தேடி வண்டிகளுக்கடியில் புகுந்தது. ஸ்த்ராத்திஸ் இயந்திர அறைக் கதவை முகத்தளவு திறந்து எட்டிப் பார்த்தான்.

"புகை போடாத! எண்ணெய் இருக்கு, கப்பலே போயிரும்!"

"தண்ணிக் குழாய நீட்டு, நல்ல தண்ணி! கதவச் சாத்திக்க!"

முகவலையை மாட்டி, தூறல்போலத் தண்ணீரை வீசினாள். நனைந்த ஈக்கு மழை என்று நினைப்பு வந்து இறங்கிவிடும். பிளந்த பெட்டியின் தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வண்டியில் கிடந்த காலிச் சாமான் பெட்டியில் இறக்கினாள். முன்னெல்லாம் ஒரு ஈயைக் கண்டாலே வீட்டுக்குள் ஓடுகிறவள்.

நிகீதாஸ் வந்து நின்றான். சட்டையைத் தலையில் சுற்றியிருந்தான். கிடாவை அவிழ்த்துத் தளத்தின் முன்கோடிக்கு இழுத்துப்போய்க் கட்டிவிட்டு வந்தான். கையில் ஏழெட்டு இடத்தில் கொட்டு.

"எதப் பிடிக்கணும் சொல்லு."

"கயிற. மேல இருக்கறதச் சாயாம பிடி."

பிடித்தான்.

"மதினி, அவன் எங்க?"

"மேல. வாந்தி."

"அவனா? ஒன்பது காத்துல படகு மூக்குல உக்காந்து பச்சைக் கணவாய் தின்னவன் அவன். நான் பக்கத்துல இருந்தேன்."

அவள் அடுத்த சட்டத்தைத் தூக்கி இறக்கினாள். நிகீதாஸ் அவளையே பார்த்தான்.

"செப்டம்பர்ல அவனுக்கு வந்தது வெயில் மயக்கம் இல்ல, அப்படித்தான?"

"கயிற இழு நிகீதா."

அந்த நேரத்தில்தான் படிக்கதவு திறந்தது. அர்கீரிஸ். தலையில் ஒன்றுமில்லை, கையில் உறையில்லை. முப்பது பேர் சிரிப்பை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கால்மணி நேரம்.

"மேல போ!" என்று கத்தினாள் ஸம்பேத்தா. "அர்கீரி, உன் கால்ல விழறேன், மேல போ!"

"நீ கட்டுன லட்சணம்," என்றான். நேராக வந்து சரிந்த பெட்டிக்குத் தோள் கொடுத்துத் தூக்கினான். நிகீதாஸ் மறுபக்கம். மூன்று வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒரு பாரத்தைத் தூக்கினார்கள். பெட்டி ஏறியது. கயிற்றை அர்கீரிஸ் முடிச்சுப் போட்டான். அழகான முடிச்சு, அவிழ்க்கவே மனம் வராது என்று அவள் சொல்வாள். கையை உதறிக்கொண்டு திரும்பினான். பெட்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்த ஈக்களில் ஒன்றாக இருக்க வேண்டும். காதுக்குக் கீழே கொட்டியது.

அவன் கையை அங்கே வைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறவன்போல் நின்றான்.

"ஸம்பேத்தா," என்றான்.

அவள் வண்டிக் கதவுக்கு ஓடினாள். திரும்புவதற்குள் அவன் உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டான். நிகீதாஸ் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்த சட்டையை அவிழ்த்து அவன் முகத்தை மூடி ஈயை விரட்டினான். உதடு ஏற்கெனவே தடித்திருந்தது.

"நிகீதா," என்றான் அர்கீரிஸ். மூச்சு விசில் மாதிரி வந்தது. "கல்லு... பேரிமரத்தடிதான். கோர்ட்டுக்கு முந்துன பனிக்காலத்துல... நான்தான் உருட்டிட்டுப் போனேன். ராத்திரி முழுக்க உருட்டுனேன்."

"பேசாத. மூச்ச விடு."

"சத்தியம்... பொய்."

"தெரியும்டா நாயே. கல்லுல பாசி தலகீழா இருந்துச்சு, எனக்குக் கண்ணு இல்லையா? அந்த நீதிபதிகிட்டச் சொன்னேன். பாசின்னா என்னன்னு கேட்டான். மூச்ச விடுடா!"

ஸம்பேத்தா பேனாவைத் தொடையில் குத்தினாள். எண்ணினாள். எந்த எண்ணில் இருக்கிறோம் என்று தெரியாமல் இரண்டு தடவை ஐந்தைச் சொன்னாள். நிகீதாஸ் அவளோடு சேர்ந்து சத்தமாக எண்ணினான். பத்து. அவள் எடுக்கவில்லை. பதினான்கில்தான் நிகீதாஸ் அவள் விரல்களைப் பிரித்து எடுத்தான்.

அர்கீரிஸின் மார்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காற்றும் இயந்திரமும் ஈயும் ஒரே இரைச்சலாக இருந்தன. ஏறியது. மறுபடி ஏறியது. கிடா முன்கோடியிலிருந்து ஒருதரம் கத்தியது.

ஸ்த்ராத்திஸ் மேலே ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். கேப்டன் துறையை விட்டுவிட்டுத் தீவைச் சுற்றித் தெற்கே, காற்று மறைந்த பழைய கல்குவாரித் துறைக்குக் கொண்டுபோனார். அங்கே கதவை இறக்க அனுமதி கிடையாது. இறக்கினார். பெரிஸ்தா டாக்டர் தன் காரில் வந்து காத்திருந்தார். நாங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. எவ்தோக்கியா அழுதாள். அவள் அழுதுகொண்டே பக்கத்திலிருந்தவளிடம், "பொய்ச் சத்தியந்தான். ஈக்குத் தெரிஞ்சிருச்சு பாத்தியா" என்றதும் என் காதில் விழுந்தது.

காரில் அர்கீரிஸோடு ஸம்பேத்தா ஏற முடியவில்லை. நாற்பத்தோரு பெட்டி வெயிலில் நிற்கிறது. நிழல் தேடி வைத்து, வாசல் திறந்துவிடாவிட்டால் அத்தனையும் போய்விடும். அவள் காரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

"நீ அவன்கூடப் போ மதினி," என்றான் நிகீதாஸ். "பெட்டிய நான் கொண்டுபோறேன்."

"எங்க வைப்ப?"

அவன் வீங்கிய கையால் தொப்பியைத் தேடினான். அது எப்போதோ கடலில் போயிருந்தது.

"எங்க வைக்கணுமோ அங்கதான். பூ அங்கதான இருக்கு."

அன்று சாயங்காலம் பேரிமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் நாற்பத்தோரு பெட்டிகளை அவன் இறக்கி, வாசல்களைத் திறந்துவிட்டான். ஆறு பெட்டிகளில் ஈ செத்துக் குவிந்திருந்தது. மீதி பிழைத்தது.

அர்கீரிஸ் நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்தான். சாகப்போகிறோம் என்று நினைத்துச் சொன்னதை, பிழைத்த பிறகு அவன் திருப்பிச் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை. ஊர் ஒரு வாரம் சத்தியத்தைப் பற்றிப் பேசியது; பிறகு மீன் விலை ஏறிவிட்டது, அதைப் பேசியது. அந்த அக்டோபரில் அவன் தனியாகக் கப்பலேறி பெரிஸ்தா போய், மறுநாள் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து திரும்பினான். ஸம்பேத்தா கேட்காமல் எண்ணெய் தடவிவிட்டாள். கல் இப்போது பேரிமரத்தடியில் இருக்கிறது, பாசி மேலே பார்த்தபடி. பெட்டிகள் நிகீதாஸின் நிலத்தில், பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஆடுகள் அந்தப் பக்கம் போகாமல் அவன் முள்வேலி போட்டான். அந்தக் கிடா இரண்டு வருஷம் இருந்து செத்தது. ஸ்த்ராத்திஸ் ஓய்வுபெற்று மகளோடு போய்விட்டான். கேப்டனுக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எவ்தோக்கியா போன வருஷம் இறந்தாள். ஸம்பேத்தாவிடம் இப்போது அறுபது பெட்டிகள் இருக்கின்றன. ஜூன் கடைசியில் அவள் அவற்றைக் கப்பலேற்றும்போது, அர்கீரிஸ் மேலே அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சட்டைப் பையில் பேனா ஊசி வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கிறான். எதிரில் உட்காருகிற யாராவது ஒருவர் வாந்திப் பையை எடுத்து அவனிடம் நீட்டுவார்கள், அவனும் வாங்கி வைத்துக்கொள்வான்.